ஏழு கிலோ

ஓடுபாதையின் பாதியில்
இடப்பக்கம் ஏதோ வெடித்தது.
லோரி டயர் என்றுதான் நினைத்தேன்.
முப்பது வருடமாய் எடைப்பாலத்துக் கிராணி;
எது வெடித்தாலும் எனக்கு அது டயர்தான்.

பிறகு விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுத்தது.
பிரேக்.
முன்சீட்டின் முதுகில் என் நெற்றி.
சன்னலோரப் பையன்
"அங்கிள், எஞ்சின் எரியுது" என்றான்,
பசியாறியாச்சா என்று கேட்கிற குரலில்.

சிவப்பு இல்லை அது.
செம்பனை மட்டைகளைக் குவித்து எரிக்கும்போது
அடியில் தெரியுமே,
மஞ்சளிலும் சேராத வெள்ளையிலும் சேராத ஒன்று,
அது இறக்கைக்குக் கீழே
சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

விளக்கு போனது. தரையில் மட்டும் ஒரு கோடு ஒளிர்ந்தது.
வலப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு
நூருல் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்த பெண்
சாமானை விடு, சாமானை விடு என்று
மலாயில் கத்தினாள். ஆங்கிலத்தில் கத்தினாள்.
தமிழில் எனக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை.
கை மேலே போனது.
பையின் வார் எதிலோ மாட்டிக்கொண்டது.
இழுத்தேன். வரவில்லை. இழுத்தேன்.
நாலு வினாடி இருக்கும்.
இல்லை, ஆறு.

எனக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மாள்.
திட்டவில்லை.
உள்ளங்கையை என் முதுகில் வைத்தாள்;
தள்ளவும் இல்லை, வைத்திருந்தாள்.
அவள் இருமியது
அந்தக் கை வழியாக என் விலா எலும்புக்குள் வந்தது.

சறுக்கில் பையை மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினேன்.
எனக்கு முன்னால் இறங்கியவன்
அதே மாதிரி கட்டிக்கொண்டிருந்தது
அவன் பிள்ளையை.

பையில் இருந்தவை:
சிகாமணி மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ,
பெர்த்தில் இருக்கும் யோகவாணிக்கு.
செய்தித்தாளில் சுற்றிய கருவாடு.
இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை.
பாஸ்போர்ட் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

புக்கிட் தெராப் பஸ் ஸ்டாண்டில்
எனக்காகப் பட்டாசு கொளுத்தினார்கள்.
முதல் வெடியிலேயே
தலையைக் கைகளால் மூடிக் குந்திவிட்டேன்.
வேடிக்கை காட்டுகிறேன் என்று சிரித்தார்கள்.
காளியப்பன் கடையில் மூன்று நாள் காசு வாங்கவில்லை.
"கிராணி கிராணிதான்யா,
நெருப்புக்குள்ளேயும் சரக்கை விடல பாரு!"
கடையே குலுங்கியது.
நானும் சிரித்தேன்,
தே தாரிக் நுரையில் மீசையை நனைத்தபடி.

எல்லாரும் பிழைத்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது.
பதினொரு பேருக்குச் சிறு காயம்.
புகையை அதிகம் சுவாசித்த ஒரு பெண் மருத்துவமனையில்.
பெயர் இல்லை. சீட் எண்ணும் இல்லை.

திரும்பிவந்த தூளைத்தான்
செண்பகவல்லி இப்போது குழம்புக்குப் போடுகிறாள்.
எண்ணெயில் விழுந்ததும் வீடே இருமும்.
அவளும் இருமிக்கொண்டே, "நல்ல காரம்ல?" என்பாள்.
நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

இன்று ஞாயிறு. ஆலைக்கு ஓய்வு.
எடைப்பாலத்தில் லோரி இல்லை,
உதிர்ந்த பழம் பொறுக்கும் இரண்டு மைனாக்கள் மட்டும்.
விமான நிலையத்தில் நிறுத்தபோது சரியாக ஏழு கிலோ.
செலவான தூளுக்கும் கருவாட்டுக்கும் ஈடாகச்
சீனிப் பாக்கெட்டுகளை அடுக்கினேன்.
பையை இரும்புத் தளத்தின் நடுவில் வைத்துவிட்டு
அறைக்குள் வந்து திரையைப் பார்த்தேன்.

பத்துப் பத்துக் கிலோவாக எண்ணும் யந்திரம்.
அதற்குக் கீழே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.
பூஜ்ஜியம் என்றது.

பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன்.
சீட்டு வந்தது:
தேதி, நேரம், பூஜ்ஜியம்,
அடியில்
கிராணி கையெழுத்துப் போட ஒரு கோடு.